கையிலும் கண்களுக்கு நடுவிலும்: திறன்பேசியும் கிறிஸ்தவக் குடும்பமும்

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் செம்பனை ஆலையொன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “இரண்டாம் படிவம் படிக்கும் என் மகன் இரவு ஒரு மணி வரை திறன்பேசியோடு படுத்திருக்கிறான். வாங்கி வைத்தால் வீட்டில் சண்டை. சபையின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒருவர், இந்தக் கருவிதான் வெளிப்படுத்தின விசேஷத்தில் சொல்லப்பட்ட மிருகத்தின் முத்திரை என்று எழுதி வருகிறார். என் தாயாரோ கோவிட் காலத்திலிருந்து ஞாயிறு ஆராதனையை யூடியூபில்தான் பார்க்கிறார், சபைக்கு வருவதில்லை. ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இந்தக் கருவிகளோடு எப்படி வாழ வேண்டும், ஐயா?”

தம்பி, புலனக் குழுவில் வந்த செய்தியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பயம் இருக்கும் வீட்டில் மற்றதைப் பற்றி நிதானமாகப் பேச முடியாது. 2001ஆம் ஆண்டு சில்லு பொருத்திய மைகாட் அடையாள அட்டை வந்தபோது, அதுதான் மிருகத்தின் எண்ணாகிய 666 என்று என் காதுபடச் சொன்னவர்கள் உண்டு. 2020இல் கோவிட் கட்டுப்பாட்டுக்கான மைசெஜாத்ரா செயலி வந்தபோதும், பிறகு தடுப்பூசி வந்தபோதும் அதே பேச்சு எழுந்தது. ஒவ்வொரு முறையும் கருவி மாறியது, பேச்சு மாறவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தை அடுத்த அதிகாரத்தோடு சேர்த்து வாசித்தால் விஷயம் விளங்கும். வலது கையிலோ நெற்றியிலோ மிருகத்தின் முத்திரை பெற்றவர்களைப் பற்றிச் சொல்லி முடித்த உடனேயே, 14ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், பிதாவின் நாமம் நெற்றியில் எழுதப்பட்ட ஓர் இலட்சத்து நாற்பத்து நாலாயிரம் பேரை யோவான் காண்கிறார். கை, நெற்றி என்ற இந்த இரண்டு இடங்களும் புதியவை அல்ல. உபாகமம் 6ஆம் அதிகாரத்தில், தேவனுடைய வார்த்தைகளைக் கையின்மேல் அடையாளமாகக் கட்டிக்கொள்ளவும், கண்களுக்கு நடுவே ஞாபகக்குறியாக வைத்துக்கொள்ளவும் இஸ்ரவேலருக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆகவே யோவான் கேட்பது நம் தோலுக்கு அடியில் எந்தச் சில்லு இருக்கிறது என்பதை அல்ல. நாம் யாரை வணங்குகிறோம், நம் கைகள் யாருக்காக வேலை செய்கின்றன, நம் கண்களுக்கு நடுவே எந்நேரமும் இருப்பது எது என்பதைத்தான்.

அந்த அன்பரின் செய்தியைத் தவறு என்று சொல்லும் அதே வேளையில், அந்த வசனம் நம்மை விட்டுவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். திறன்பேசி மிருகத்தின் முத்திரை அல்ல. ஆனாலும் காலையில் கண் விழித்ததும் கை எதைத் தேடுகிறது, இரவில் கடைசியாகக் கண்களுக்கு முன் இருப்பது எது என்று நம்மையே கேட்டால், எனக்கும் உங்களுக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாகத்தான் இருக்கும்.

கருவி செய்வதே பாவம் என்று வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவர் என்று வேதாகமம் முதன்முதலாகச் சொல்லும் மனிதர் தீர்க்கதரிசியோ ஆசாரியரோ அல்லர். பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யத் தெரிந்த பெசலெயேல் என்ற கைவினைஞர். அது யாத்திராகமம் 31ஆம் அதிகாரம். ஒரு பக்கம் திருப்பினால் 32ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் தங்கள் காதணிகளைக் கழற்றிக் கொடுக்கிறார்கள், ஆரோன் அவற்றைக் கன்றுக்குட்டியாக வார்க்கிறார். 35ஆம் அதிகாரத்தில் அதே ஜனங்கள் மறுபடியும் காதணிகளைக் கொண்டுவருகிறார்கள், இம்முறை ஆசரிப்புக் கூடாரத்துக்காக. உலோகமும் ஒன்று, தொழில்நுட்பமும் ஒன்று, கொண்டுவந்த கைகளும் ஒன்று. எதன் பக்கம் திரும்பி நின்றார்கள் என்பதுதான் வேறு.

தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாம் தொழில்நுட்பத்தைக் கண்டு மிரளுவதில் இன்னொரு பொருத்தமின்மையும் இருக்கிறது. தமிழ் எழுத்து அச்சேறியதே விசுவாசத்தைச் சொல்வதற்காகத்தான். 1578இல் இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. இந்திய எழுத்தில் அச்சான நூல்களில் இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் பழமையானது அது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, சில ஆண்டுகளில் அச்சுக்கூடம் அமைத்து, 1715க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை முழுவதும் அச்சிட்டு முடித்தார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரியவையாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். அந்தக் காலத்தின் திறன்பேசி அது என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் என் மனத்தில் அதிகம் தங்கியிருப்பது அச்சுக்கூடம் அல்ல, அதற்கு முன்பு நடந்தது. தமிழ் கற்க விரும்பிய சீகன்பால்கு, ஒரு வாத்தியாரையும் அவரிடம் படித்த பிள்ளைகளையும் தம் வீட்டுக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்து எழுதிப் பழகினார். முகம் பார்த்துப் பழகிய மொழியைத்தான் அவர் பிறகு இயந்திரத்தில் ஏற்றினார். இந்த வரிசை மாறியிருந்தால் அந்த அச்சுக்கூடத்திலிருந்து தாள் வந்திருக்கும், சபை வந்திருக்காது என்பது என் எண்ணம்.

இந்த விஷயத்தில் நான் அளவுகோலாகப் பிடித்துக்கொண்டிருக்கும் வசனம் பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒன்று. யோவானின் இரண்டாம் நிருபம் ஒரே அதிகாரம். அதன் 12ஆம் வசனத்தில், எழுத வேண்டியவை நிறைய இருந்தும் காகிதத்தினாலும் மையினாலும் எழுதத் தமக்கு மனமில்லை என்றும், சந்தோஷம் நிறைவாக இருக்கும்படி நேரில் வந்து முகமுகமாய்ப் பேசலாமென்று நம்புவதாகவும் யோவான் சொல்கிறார். காகிதமும் மையும்தான் அவர் காலத்துத் தொடர்புக் கருவிகள். அவர் அவற்றை வெறுக்கவில்லை. அந்த வாக்கியத்தையே அவற்றைக் கொண்டுதான் எழுதியிருக்கிறார். ஆனால் கடிதத்தால் செய்ய முடிந்தது எது, முடியாதது எது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பவுலும் அப்படித்தான்; தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, அவர்கள் முகத்தைக் காண இரவும் பகலும் வேண்டிக்கொள்வதாக எழுதுகிறார். நல்ல கடிதம் நேரில் போய்ப் பார்க்கும் ஆசையை வளர்க்கும். போக வேண்டிய தேவையே இல்லை என்று நம்மைத் திருப்திப்படுத்தும் கடிதம் நல்ல கடிதம் அல்ல. திறன்பேசிக்கும் இதே கணக்குத்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையின் மூப்பர் ஒருவர் நோயில் விழுந்து மருத்துவமனையில் இருந்தார். நாற்பது ஆண்டுப் பழக்கம். என் தகப்பனாரும் அவரும் ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த நிரையில் பால்மரம் (ரப்பர்) சீவியவர்கள். இரண்டு வாரம், ஒரு நாள் தவறாமல், காலை ஆறு மணிக்கு அவருக்கு ஒரு வசனத்தைப் புலனத்தில் அனுப்பினேன். அதில் நீல அடையாளம் விழும். வாசித்துவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருக்கும். அடக்க ஆராதனை முடிந்த பிறகு அவர் மனைவி என்னிடம் குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்: “ஒவ்வொரு தடவ செய்தி வரும்போதும், வாத்தியார் இன்னிக்கு வருவாரான்னு கேப்பாரு.” மருத்துவமனை என் வீட்டிலிருந்து நாற்பது நிமிடப் பயணம். நான் வசனம் அனுப்பியது பொய்யில்லை, அன்பில்லாமலும் இல்லை. ஆனால் அந்தச் செய்திகள் நான் போக வேண்டிய பயணத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன, அதை நான் உணரக்கூட இல்லை.

இனி உங்கள் மகனைப் பற்றி. அவனுடைய மனவுறுதி போதவில்லை என்று நினைத்து அவனோடு சண்டையிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. எதிர்த்து நிற்பது என்ன என்பதை முதலில் பாருங்கள். பக்கத்தின் அடிவந்ததும் நின்றுவிடாமல் விரல் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் முடிவில்லாத திரையை 2006இல் வடிவமைத்தவர் ஆசா ராஸ்கின் என்ற அமெரிக்கர். அதன் விளைவைக் கண்டு வருந்துவதாக அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். சாப்பாட்டுக்குத் தட்டு காலியாவது ஓர் எல்லை, புத்தகத்துக்கு அத்தியாயம் முடிவது ஓர் எல்லை. அந்த எல்லையைத் தெரிந்தே எடுத்துவிட்ட ஒரு கருவியின் முன்னால் பதினான்கு வயதுப் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துவிட்டு, உனக்குக் கட்டுப்பாடு இல்லையா என்று கேட்பது நியாயமாகாது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது பழைய கதை. அன்று பல தோட்டங்களில் கள்ளுக்கடையை நிர்வாகமே நடத்தியது. தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை. சம்பளமாகக் கொடுத்த பணம் அந்தி சாயும் முன் பாதி திரும்பி வந்துவிடும். குடித்தவன் குற்றமற்றவன் என்று நான் சொல்லவில்லை, ஆனால் கடையை அங்கே வைத்தவன் கணக்குப் பார்த்துத்தான் வைத்தான். 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவின் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை என்ற இளைஞர் அமைப்பு கள்ளுக்கு எதிராக எழுந்தபோது, அவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே மனவுறுதி கொள்ளச் சொல்லி விட்டுவிடவில்லை. தோட்டமாகக் கூடினார்கள், ஒருவரையொருவர் காத்தார்கள், கடை முன்னால் மறியலுக்கு நின்றார்கள். அவர்களுடைய வழிகள் எல்லாவற்றையும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கடை வைத்தவனின் கணக்கைத் தனி ஆளால் வெல்ல முடியாது, சேர்ந்து நின்றால் முடியும் என்ற அறிவு அவர்களிடம் இருந்தது.

நம் சபையின் பழக்கத்திலும் அதே அறிவு உண்டு. 1742இல் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் சங்கங்கள் சபைக்கட்டடக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி வசூலிக்கப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்தன. வசூலுக்காகத் தொடங்கிய அந்தக் குழுக்கள், வாரந்தோறும் கூடி ஒவ்வொருவரின் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று விசாரித்து ஜெபிக்கும் வகுப்புகளாக மாறின. உங்கள் வாலிபர் கூட்டத்தில் உங்கள் மகனோடு இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் நான்கைந்து பேர் சேர்ந்து, ஞாயிறு முதல் வியாழன் வரை இரவு ஒன்பதரைக்கு மேல் எந்தப் பிள்ளையின் திறன்பேசியும் அறைக்குள் இருக்காது என்று ஒரே முடிவை எடுத்துவிட்டால், உங்கள் பையன் நண்பர்களிடையே தனித்து விடப்பட்டவனாக உணர மாட்டான். அந்த நேரத்தில் அவனுக்குச் செய்தி அனுப்பவும் ஆள் இருக்காது.

அந்தக் கட்டுப்பாட்டை உங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கூடத்து மேசையில் ஒரு பெட்டியை வைத்து, அதில் முதலில் உங்கள் கருவியும், பிறகு உங்கள் மனைவியுடையதும், கடைசியாகப் பையனுடையதும் போகட்டும். ஆலையிலிருந்து அவசர அழைப்பு வரலாம் என்றால் ஒலியைத் திறந்து வையுங்கள், அழைத்தால் கேட்கும். “எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்” என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை அவனுக்கு மனப்பாடம் செய்யக் கொடுப்பதைவிட, தகப்பன் தன் கருவியைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்காருவதை அவன் பார்ப்பது பலன் தரும்.

ஓய்வுநாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளைக்குக் கூறப்படும் காரணம் வேலையாளைப் பற்றியது: உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்திலே அடிமையாயிருந்தாய் என்பதை நினை. என் தகப்பனார் காலத்தில் விடியுமுன் பெரட்டு மணி அடிக்கும், ஆள் கணக்கு எடுப்பார்கள். ஆனால் வேலை முடிந்து ஆற்றில் குளித்துவிட்டு வந்த பிறகு மறுநாள் வரை அந்த மணிக்கு அவர்மேல் அதிகாரம் இல்லை. இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் மணி எந்நேரமும் பெரட்டுக்குக் கூப்பிடுகிறது. சனிக்கிழமை மாலை விளக்கு ஏற்றிய நேரத்திலிருந்து ஞாயிறு மதியச் சாப்பாடு முடியும் வரை அந்த மணியை அணைத்து வைப்பது சட்டவாதம் அல்ல. யாருடைய ஆட்களாக இருக்கிறோம் என்பதை உடம்புக்கு ஞாபகப்படுத்துவது. உங்கள் கீழ் வேலை செய்பவர்களுக்கும் அந்த நேரத்தில் செய்தி அனுப்பாதீர்கள், கட்டளையின் பாதி அதில்தான் இருக்கிறது.

பையனை அதட்டும்போது கருவி முழுவதையும் சாத்தானின் வேலை என்று பேசிவிடாதீர்கள். 2006இல் பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த கார்லோ அக்குதிஸ் என்ற இத்தாலியப் பையனைக் கத்தோலிக்கத் திருச்சபை 2025 செப்டம்பர் 7ஆம் தேதி புனிதராக அறிவித்தது. கணினியில் கெட்டிக்காரனாக இருந்த அவன் நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து ஓர் இணையத்தளம் உருவாக்கினான். விளையாட்டுக் கருவிக்கோ வாரத்தில் ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே எல்லை வைத்துக்கொண்டான். நாம் வேறு சபையைச் சேர்ந்தவர்கள், புனிதர்களைப் பற்றி நம் போதனை வேறு. ஆனாலும் உங்கள் மகன் வயதுப் பையன் ஒருவன் இப்படி வாழ்ந்தான் என்பதை அவனிடம் சொல்லத் தயங்க வேண்டாம். சபையின் ஒலிபெருக்கி, பாடல் வரிகளைத் திரையில் காட்டும் வேலை, ஒளிப்பதிவு ஆகியவற்றில் அவனுக்குப் பொறுப்புக் கொடுக்கும்படி போதகரிடம் நீங்களே கேளுங்கள்.

உங்கள் தாயாரின் விஷயத்தில் எனக்கு அவசரத் தீர்ப்பு இல்லை. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, அந்த ஏப்ரல் மாதத்தில் புனித வெள்ளியையும் உயிர்த்தெழுந்த ஞாயிறையும் நாம் எல்லாரும் வீட்டுக் கூடத்தில் திரை முன்னால்தான் அனுசரித்தோம். இயங்கலை (இணையவழி) ஆராதனை இல்லாதிருந்தால் அந்த மாதங்களில் பல முதியவர்கள் ஒரு ஜெப வார்த்தைகூடக் கேட்டிருக்க மாட்டார்கள். அதற்காகத் தேவனுக்கு நன்றி சொல்கிறேன். நடக்க முடியாதவர்களுக்கு அது இன்றும் வரம். ஆனால் சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயர் நிருபம் சொல்லும் இடத்திலேயே, ஒருவருக்கொருவர் புத்தி சொல்லவேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. திரையில் அவர் மற்றவர்களைப் பார்க்கலாம், மற்றவர்கள் அவரைப் பார்க்க முடியாது. கடந்த மாதம் அவர் மெலிந்திருக்கிறார் என்பதைக் கேமரா கவனிக்காது, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அக்காள் கவனிப்பார். அப்பமும் பாத்திரமும் கையிலிருந்து கைக்கு வர வேண்டியவை. ஆகவே, ஏன் வருவதில்லை என்று கேட்பதற்கு முன், எப்படி வருவார் என்று பாருங்கள். முழங்கால் வலியா, படிக்கட்டா, தோட்டத்திலிருந்து ஒன்றாக வந்த தோழியர் ஒவ்வொருவராகப் போய்விட்டார்களா? நம் ஊர்களில் தோட்டம் துண்டாடப்பட்டபோது ஒரே லயத்தில் இருந்தவர்கள் ஐந்து தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) சிதறிப்போனார்கள். சபைக்கு வருவது அவர்களுக்கு மூன்று நிமிட நடையாக இருந்து, வண்டி வைத்திருப்பவரைக் கெஞ்சும் காரியமாக ஆகிவிட்டது. யூடியூபைக் குறை சொல்வதற்கு முன் சபை இதைத் தன் குறையாக எண்ண வேண்டும்.

அவருடைய கருவியைப் பற்றி இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. காவல்துறை என்றும் வங்கி என்றும் சொல்லி முதியவர்களை மிரட்டிப் பணம் பறிக்கும் அழைப்புகள் நம் வட்டாரத்திலும் வருகின்றன. பணத்தை மாற்றிவிட்டால் உடனே 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தை அழைக்க வேண்டும் என்று அவருக்கும் உங்கள் மகனுக்கும் சொல்லி, எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பிறனை நேசிப்பது என்பதில் இதுவும் சேர்த்தி.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் மகன் அதனோடுதான் வளரப்போகிறான். 2025 மே மாதத்தில் பதினான்காம் லியோ பாப்பரசராகத் தெரிந்தெடுக்கப்பட்ட சில நாள்களுக்குள், 1891இல் தொழிலாளர் உரிமைக்காகச் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைத்துத் தாம் அந்தப் பெயரை ஏற்றதாகவும், செயற்கை நுண்ணறிவு இன்று அதேபோன்ற கேள்வியை எழுப்புவதாகவும் சொன்னார். தோட்டத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அந்த ஒப்புமை எளிதில் புரியும். வசனம் எங்கே இருக்கிறது என்று தேட அதைப் பயன்படுத்தலாம். ஆனால் இல்லாத வசனத்தை இருப்பதுபோலச் சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு, வேதாகமத்தைத் திறந்து சரிபார்க்காமல் எடுத்துச் சொல்லக் கூடாது. ஜெபத்தை எழுதித் தரும்படி அதைக் கேட்க வேண்டாம். வார்த்தை வராதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8ஆம் அதிகாரம் சொல்கிறது. உங்கள் மகன் திக்கித் திக்கிச் செய்யும் இரண்டு வாக்கிய ஜெபத்தைத் திருத்தாமல் கேளுங்கள்.

கைப்பேசியில் வேதாகமச் செயலியை வாசிப்பதில் தவறில்லை, ஆனால் வீட்டு ஜெபத்துக்குக் காகித வேதாகமத்தையே வையுங்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போது அதில் வேறு செய்தி வந்து விழாது. இந்தச் சனிக்கிழமை மாலை பெட்டியை மேசையில் வையுங்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு என் வண்டியில் இடம் இருக்கிறது. முன் இருக்கையில் உங்கள் தாயார் ஏற வசதியாக வாசல் வரைக்கும் வந்து நிறுத்துகிறேன். அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், வெள்ளிக்கிழமை நானே வீட்டுக்கு வந்து கேட்கிறேன்.